எல்கையில் இழுத்த கை

மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் எந்த மாடு ஓடுகிறது என்றுதான் கேட்பார்கள். விருதுநகர் வட்டாரத்தில் கொஞ்ச காலமாக அந்தக் கேள்வி மாறிப்போயிருந்தது. "வெள்ளைத்துரை வாரானா?" வருகிறான் என்றால் முதலில் வருகிறவனுக்குத் தரும் முதல் கொடியைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. இரண்டாவது யார் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

மற்ற நாட்களில் அவன் ஒரு வெடிக் கம்பெனிக்கு வேன் ஓட்டினான். காலையில் அச்சங்குளம் சுற்றுவட்டாரத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவான், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவான். அவன் மனைவி பானுப்பிரியாவும் அதே வேனில்தான் வேலைக்குப் போனாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவனைப் போல நிதானமான ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பந்தய வண்டியில் ஏறிக் கயிற்றைக் கையில் சுற்றினால் ஆளே வேறு.

மாடுகள் மல்லாங்கிணற்றுச் சோலைமலையுடையவை. வெள்ளைத்துரையின் அம்மா சின்னத்தாய் அவருடைய காட்டில்தான் காலமெல்லாம் களையெடுத்தாள். அந்த வீட்டு வாசலைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. மகன் கொடி வாங்க ஆரம்பித்த பிறகு எல்லாம் கொஞ்சம் மாறியது. சோலைமலை மேடையில் தன் கையாலேயே அவனுக்கு மாலை போட்டார். டீக்கடையில் முன்பெல்லாம் ஏறிட்டும் பார்க்காதவர்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க சாரதி" என்றார்கள். இந்த மரியாதை எங்கேயிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியாமலில்லை. அவன் அதைப் பற்றி யாரிடமும் பேசியதும் இல்லை.

பங்குனிப் பொங்கலுக்கு நடந்த ஒரு பந்தயத்தில்தான் அது முதலில் நேர்ந்தது.

நேர்ரோட்டில் எந்த வண்டியும் ஓடும். எல்லையாக நட்டிருக்கும் எல்கைக் கம்பத்தைச் சுற்றித் திரும்புகிற இடத்தில்தான் சாரதியின் சங்கதி தெரியும். மற்றவர்கள் அங்கே கயிற்றை இழுத்து வேகத்தைக் குறைப்பார்கள். வெள்ளைத்துரை இழுக்க மாட்டான். உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் கம்பத்தடியில் நெருக்கியடித்து நிற்பார்கள்.

அன்றைக்குக் கம்பம் கண்ணில் பட்டதும் அவன் கை தானாகக் கயிற்றை இழுத்தது. ஏன் இழுத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. குறுக்கே யாரும் வரவில்லை, மாடும் மிரளவில்லை. வண்டி தயங்கி நின்று திரும்புவதற்குள் பின்னால் வந்த, சோலைமலையோடு எப்போதும் போட்டிக்கு மாடு விடுகிற ராஜபாண்டியனின் வண்டி தாண்டிப் போய்விட்டது.

"கயித்த விடுங்க மாமா, விடுங்க" என்று கத்தினான் செல்வக்குமார். அவன் பானுப்பிரியாவின் தம்பி. பக்கத்தில் ஓடிவந்து மாட்டை முடுக்குகிற துணைச் சாரதி.

திரும்புகாலில் மாடுகள் ரோஷமாக ஓடி, கடைசி ஓட்டத்தில் ராஜபாண்டியன் வண்டியைப் பிடித்துத் தாண்டின. முதல் கொடி அவனுக்குத்தான். வேண்டுமென்றே முன்னே போக விட்டுப் பிடித்தான் என்று கூட்டம் கொண்டாடியது. செல்வக்குமார் மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

"எல்கையில என்ன மாமா ஆச்சு?"

"நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சுடா."

நாய் எதுவும் வரவில்லை என்று செல்வக்குமாருக்கும் தெரியும். ஆனால் அவன் மாடுகளை அவிழ்க்கப் போய்விட்டான்.

அடுத்த பந்தயத்திலும் கை இழுத்தது, அப்போதும் ஜெயித்தான். அதற்கடுத்த பந்தயத்துக்கு முந்தின வாரம் வேன் ஓட்டும்போதெல்லாம் அந்தக் கம்பம் கண்முன் வந்து நின்றது. எத்தனையோ தடவை வண்டி கவிழ்ந்து ரோட்டில் உரசியிருக்கிறான், ஒரு முறை விலா எலும்பு முறிந்திருக்கிறது. அப்போதெல்லாம் வராத பயம் இப்போது எந்த வழியாக வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தான். பள்ளிக்கூடம் போகிற மகளை நினைத்தா, வயதாகிறதா? ஒன்றும் பிடிபடவில்லை. பயந்தவன் கையில் கயிறு இருந்தால் மாடு குழம்பும், குழம்பிய மாடு கூட்டத்துக்குள் பாயும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

இனி ஓட்டுவதில்லை என்று பானுப்பிரியாவிடம்தான் முதலில் சொன்னான். அவள் பந்தயம் பார்க்கப் போகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால் தான் எடுக்காமல் மகளை எடுக்கச் சொல்வாள். கேட்டதும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவளோ சந்தேகமாகத்தான் கேட்டாள்.

"எனக்காகவா விடுறீக?"

"இல்ல. உனக்காகன்னு சொன்னா எனக்கும் கௌரவமாத்தான் இருக்கும். ஆனா அது பொய்யி."

"ஊர்ல என்னென்னமோ பேசுவாகளே."

"பேசட்டும்."

மறுநாள் சோலைமலையின் தொழுவத்துக்குப் போனான். அவர் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் ஓட்டவில்லை என்று சொன்னதும் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"யாருலே பேசுனது? ராஜபாண்டியனா?"

"யாரும் பேசல மொதலாளி."

"பின்ன? உச்சியில நிக்கிற. இந்த வருசம் ஒன்ன அடிக்க ஆளே கிடையாது. இப்பப் போய் எறங்குறேங்கிற. நான் என்ன குறை வச்சேன் ஒனக்கு?"

"குறையெல்லாம் இல்ல. எனக்குப் பயம் வந்துருச்சு."

தொழுவத்தில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் சிரித்தே விட்டான். சோலைமலை சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. "போ, போய் ராஜபாண்டியன் வண்டியிலயே ஏறு" என்று சொல்லிவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளைத்துரைக்குச் சிரிப்பைவிட அந்த வார்த்தைதான் தைத்தது. செல்வக்குமாரிடம் கயிற்றைக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்ல வந்தவன், அதைச் சொல்லாமலே திரும்பினான்.

ராஜபாண்டியனும் ஆள் விட்டுத்தான் பார்த்தான். வெள்ளைத்துரை போகவில்லை. ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். டீக்கடை பெஞ்சில் மெல்ல மெல்ல இடம் குறைந்தது. அவன் வேன் பக்கத்தில் நின்றே டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பப் பழகிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகள்தான் நகரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனான். கோயிலில் கும்பிட்டு நிற்கும்போதுகூட, இந்நேரம் வண்டிகள் எல்கையைத் தொட்டிருக்கும் என்ற நினைப்புதான் ஓடியது.

வைகாசி முடிய இரண்டு சாரதிகளை மாற்றிப் பார்த்து இரண்டு பேரை வைத்தும் தோற்ற பிறகு, சோலைமலை ஒரு சாயங்காலம் வெள்ளைத்துரையின் தெருவுக்கு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். பானுப்பிரியா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார்.

"நெசமாவே பயம்தானாலே?"

"நெசந்தான்."

"ஒரே ஒரு பந்தயம், ஆடிப் பந்தயம் மட்டும் ஓட்டிக் குடு."

"அன்னிக்கு உங்க மாடு கூட்டத்துக்குள்ள போயிருச்சுன்னா? செல்வத்த ஏத்துங்க மொதலாளி. மாட்டுக்கு அவன் குரல் தெரியும்."

சோலைமலை எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அன்னிக்குத் தொழுவத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஆடிப் பந்தயத்தன்று சோலைமலையின் வண்டியை ஓட்டி முடித்துவிட்டுச் செல்வக்குமார் போன் செய்தான். முதல் கொடி. குரலிலேயே தெரிந்தது. கேட்ட கணத்தில் வெள்ளைத்துரைக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டுப் பையன், தானே கைகாட்டிய பையன், அப்படியிருந்தும் எரிந்தது. பானுப்பிரியா சோற்றுத் தட்டோடு நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"எல்கையில எப்படித் திருப்புன? அவசரப்படாம மொதல்லருந்து சொல்லு."

செல்வக்குமார் சொல்ல ஆரம்பித்தான். வெள்ளைத்துரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.