ரெஜினாவின் ஐஸ் லாரிக்கு வேறு இன்ஜின்

ரெஜினாவின் ஐஸ் லாரி கறுப்புப் புகை கக்கத் தொடங்கியபோது, செங்கல்பட்டு மெக்கானிக் ஆனந்தன் மூன்று வழி சொன்னான். பழைய நாலு சிலிண்டர் இன்ஜினையே பிரித்துப் புதுப்பிக்கலாம். அதே ரகத்தில் வேறு வண்டியில் ஓடிய இன்ஜின் ஒன்றைத் தேடி மாட்டலாம். இல்லாவிட்டால், உடைக்கப் போட்ட பஸ்ஸின் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று கிடக்கிறது.

"புது மாடல் இன்ஜின் வெக்க முடியாதா?"

"அது கம்ப்யூட்டர் வெச்சது, அக்கா. ஒயரு, பொகைய சுத்தம் பண்ற யூரியா டேங்கு, அல்லாத்தையும் மாத்தணும். உன் வண்டிக்கு ஒத்துவராது."

பழையதையே புதுப்பிக்கச் சொன்னாள் ரெஜினா. கூலிக்கு நாற்று நட்ட வீட்டில் பிறந்து, முப்பத்தைந்து வயதில் ஹெவி லைசென்ஸ் எடுத்தவள். கோவளத்துப் படகுகளுக்குப் பத்து வருடமாக ஐஸ் கொண்டுபோகிறாள். அந்த இன்ஜினின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவாள்.

மகள் ஷாரோனின் பிரசவத்துக்கு அவள் போயிருந்த நாட்களில், முழங்கால் போய் வீட்டிலிருந்த கணவன் சாலமோன், "அவதான் சொன்னா" என்று ஆனந்தனை நம்பவைத்து ஆறு சிலிண்டரை மாட்டிவிட்டான். பழையது இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

"உனுக்காவத்தான் பண்ணேன். இன்னா இழுவ இழுக்குது பாரு!"

இழுத்தது உண்மைதான். ஆனால் கனம் தாங்காமல் லாரியின் முன்பக்கம் தொய்ந்தது. ரேடியேட்டர் போதவில்லை. மாமல்லபுரம் நெரிசலில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடும். இன்ஜினை அணைத்துக் காத்திருந்தால் பின்னால் ஐஸ் ஒழுகும். கொதிக்கும் கேபினில் முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போனபோது அதிகாரி இன்ஜின் எண்ணைத் துடைத்துப் பார்த்தார்.

"ஆர்.சி. புக்குல பதிஞ்சிருக்கிறது வேற ரகம்மா. அனுமதி வாங்காம மாத்தியிருக்கீங்க. பாஸ் பண்ண முடியாது."

லாரியை ஓட்டவும் வழியில்லை, விற்கவும் வழியில்லை. மூன்று மாதம் அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குள் போக ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். உள்ளே போனால் சாலமோன்.

"ரெஜினா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்றதுக்கு இன்னா கீது? மாட்டறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கடைசியில் பழைய ரகத்திலேயே காகிதங்களோடு ஓர் இன்ஜின் கிடைத்தது. அனுமதி வாங்கி மாட்டினார்கள். லாரி பாஸானது. ஆனால் ஓடித் தேய்ந்த அந்த இன்ஜினில் தெம்பில்லை. அவள் பாதிப் பாரம்தான் ஏற்றுகிறாள். இரண்டு படகுக்காரர்கள் வேறு லாரிக்குப் போய்விட்டார்கள். சாலமோன் தினமும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்கிறான். காலை இழுத்து இழுத்து ஐஸ் இறக்குகிறான். அவள் வேண்டாம் என்று சொல்வதில்லை, பேசுவதும் இல்லை.