ஆத்தா குளுந்துட்டா என்றார்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வெள்ளிக்கிழமையானால் கோயிலுக்குப் போய் வந்து, போனில் வந்த பொய்களில் ஒன்றை எடுத்து இங்கே பிரித்துப் போடுகிறவன் நான். சர்க்கரை நோயை அடியோடு போக்கும் சூரணம், சிலையின் கண்ணில் தண்ணீர், உலகம் இருட்டாகப் போகும் செய்தி, எல்லாம் எழுதியாயிற்று. என் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதவில்லை. எழுதினால் ஆத்தாளைப் பழித்தவன் என்று சொந்தக்காரர்களே பேசுவார்கள். பேசட்டும். ஆடி மாசம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவன் நான். படிப்பு பத்தாவதோடு சரி. எனக்கு யாரும் நாத்திகம் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் தங்கையைப் பாரிவாக்கத்தில் கொடுத்திருந்தோம். மழை விட்ட சமயம். காலி மனையெல்லாம் தண்ணீர் நின்று கொசு மொய்த்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. மாமியார் பார்த்துவிட்டு அம்மை என்றார். அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை கட்டினார்கள், அடுப்பில் தாளிப்பு நின்றது, மாத்திரையும் ஊசியும் கூடாது என்றாகிவிட்டது.

எங்கள் பக்கம் அம்மை போட்டவளை நோயாளி என்று சொல்ல மாட்டோம். ஆத்தா அவள்மேல் இறங்கியிருக்கிறாள் என்போம். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் வந்தது அம்மைதானா என்று யார் பார்த்தார்கள்?

நான் பருத்திப்பட்டிலிருந்து போனபோது வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தாள். ஒரு கொப்புளம் இல்லை. வெறும் சிவப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஒருத்தி, "தாயே, என் பொண்ணுக்கு எப்போ மாப்ள அமையும்?" என்று கேட்டாள். என் தங்கை, "வயிறு வலிக்குது" என்றாள். அதையும் வாக்காக எடுத்துக்கொண்டு அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தங்கை புருஷனிடம், "மாப்ளே, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம். இது அம்மை மாதிரி தெரியல" என்றேன்.

"இன்னா மச்சான், கூழ் ஊத்துற நீயே இப்டி பேசுற?" என்று போனை நீட்டினான். வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அதில் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்த அணு குறைந்துவிட்டது என்று பயமுறுத்தி ஆளையே முடித்துவிடுவார்களாம். எந்தக் காய்ச்சலுக்கும் பப்பாளி இலைச் சாறே போதுமாம்.

"எத்தினி பேரு பாத்துகீறாங்க பாரு. அத்தினி பேரும் முட்டாளா?"

"அதுல ஒருத்தனாச்சும் உன் ஊட்டுக்கு வந்து இவள பாத்தானா?"

உள்ளேயிருந்து மாமியார், "நைனா, செருப்பு கால்ல வாசல்ல நின்னுகினு கத்தாத. ஆத்தா கோச்சுக்கும்" என்றார்.

"ஆத்தா கோச்சுக்காது அத்தை. அதுக்குப் புத்தி கீது."

அதோடு என்னை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையே போன் செய்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மச்சான், ஆத்தா குளுந்துட்டா! காய்ச்சல் சுத்தமா இல்ல, உடம்பு சில்லுனு கீது. தலைக்குத் தண்ணி ஊத்தப் போறோம், வா."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் அண்டாவில் தயாராக இருந்தது. அவள் கை ஐஸாக இருந்தது. ஈறில் ரத்தம். "ணா, மயக்கமா கீது" என்றாள். நான் யாரையும் கேட்கவில்லை. அள்ளி ஆட்டோவில் போட்டேன். மாப்பிள்ளை அழுதுகொண்டே பின்னால் ஏறினான்.

பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "டெங்கு. காய்ச்சல் விடும்போதுதான் இதுல ஆபத்தே. உடம்பு சில்லுனு ஆச்சுன்னா ரத்த ஓட்டம் குறையுதுன்னு அர்த்தம். நேத்தே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். ஊசி குத்தக்கூட நரம்பு கிடைக்கவில்லை. அன்று மதியம் போய்விட்டாள்.

ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று நாங்கள் கும்பிட்டோமே, அந்தக் குளிர்ச்சிதான் சாவு.

காரியம் முடிவதற்குள் அவளைச் செய்தியாக்கிவிட்டார்கள். அவள் கல்யாணப் படத்தைப் போட்டு, தவறான ஊசியால் இளம்பெண் பலி என்று ஒன்று வந்தது. ஆத்தா இறங்கிய பெண்ணைச் செருப்புக் காலோடு தூக்கிப்போன அண்ணன், தெய்வக் குற்றம் என்று இன்னொன்று. பப்பாளிச் சாறு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மூன்றாவது. அடப் பாவிகளா, அந்தச் சாற்றைத்தானே வேளாவேளைக்கு அவள் வாயில் ஊற்றினார்கள்! எங்கள் கோயில் குழுவில் இருக்கிற ஒருவர், நான்தான் அந்த அண்ணன் என்று தெரியாமல், தெய்வக் குற்றம் என்ற அந்தச் செய்தியைக் கும்பிடுகிற கை படம் போட்டு எனக்கே அனுப்பினார்.

மாப்பிள்ளையும் இப்போது ஊசியால்தான் செத்தாள் என்கிறான். அவனால் வேறு எதையும் தாங்க முடியாது, புரிகிறது. அதற்காக நான் சும்மா இருக்க முடியாது. இந்த வாரம் அந்தப் படம் மறுபடியும் வந்தது. ஊர் வேறு, வயது வேறு, போன வாரம் நடந்தது என்று போட்டிருக்கிறது. செத்தவளை இன்னும் எத்தனை தடவைதான் சாகடிப்பீர்கள்?

படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை மற்றவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்றெல்லாம் பயமுறுத்த மாட்டேன். ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள், ஒரு வார்த்தை எடுக்காதீர்கள். ஆத்தாளைத் திட்டி ஒரு வரி, டாக்டரைத் திட்டி ஒரு வரி என்று மேலே ஒட்டாதீர்கள். அவள் டெங்குவில் செத்தாள். நாங்கள் அம்மை என்று வைத்திருந்தோம். நடந்தது இதுதான். அவள் படத்தை நான் இதில் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள்.