மஞ்சள் தெரிந்தால் வருகிறது

போன செவ்வாய்க்கிழமை காலை வாவி காணாமல் போய்விட்டது.

உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆறரை மணிக்குத் துறையடியில் நிற்கிறேன். முன்னால் தண்ணீர் இல்லை, அக்கரை இல்லை, வானமும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. தை மாதப் பனி. கையில் தேநீர் ஃபிளாஸ்க். பக்கத்தில் என் மகள் அபி. அவளுக்கு அந்தப் பக்கம், கோப்பும் கையுமாக அவளுடைய விரிவுரையாளர். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. மண்டபம்... இந்தப் பனிதான்.

அபி பல்கலைக்கழகத்தில் கிராபிக் டிசைன் படிக்கிறாள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன்? கடைசி வருட ப்ராஜெக்டில் அவள் ஒருமுறை சறுக்கியதை மட்டும் உங்களுக்குச் சொல்லவில்லை. இது இரண்டாவது வாய்ப்பு. இதையும் விட்டால் வேறு இல்லை. கூடப் படித்தவர்கள் மேடையேறிப் பட்டம் வாங்கும்போது இவள் கீழே இருந்து கைதட்ட வேண்டியதுதான். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அவளோ குறட்டை விட்டுத் தூங்கினாள்.

சறுக்கியது எப்படி?

எழுவான்கரையில் இருக்கிற எங்களை, வாவியைக் கடந்து படுவான்கரைக்குக் கொண்டுபோய் விடுவது படகுப்பாதை. ஆட்கள், மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி எல்லாம் ஏறுகிற தட்டையான பெரிய மிதவை அது. நாங்கள் 'பாதை' என்றே சொல்லிவிடுவோம். அதற்கு ஒரு நேர அட்டவணைப் பலகை செய்ய வேண்டும் என்று அபிக்கு ஆசை வந்தது. பாதை ஓட்டுகிற மயிலண்ணனிடம் நேரம் கேட்டாள். அவரும் சொன்னார் — ஆறு நாற்பது, ஏழேகால், எட்டு... இவள் எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்து, மூன்று வாரம் உயிரைக் கொடுத்துச் செய்து, துறையடியில் மாட்டிவிட்டாள்.

அழகென்றால் அப்படியொரு அழகு. குறை ஒன்றே ஒன்றுதான். பாதைக்கு நேரமே கிடையாது!

ஆள் நிறைந்தால் போகும். அக்கரையில் யாராவது கைகாட்டினால் போகும். அவ்வளவுதான் அதன் சட்டம். பிறகு மயிலண்ணன் ஏன் நேரம் சொன்னார்? நானே போய்க் கேட்டேன். மனிதர் தலையைச் சொறிந்தார்.

"புள்ள கொப்பியும் பேனையுமா ஆசையா வந்து கேட்டுது. இல்லையெண்டு சொல்ல மனம் வரல்ல."

எங்கள் ஆட்களே இப்படித்தான். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டோம். ஒரு பொய்யையாவது கொடுத்தனுப்புவோம்.

பலகையை நம்பி ஏழேகாலுக்கு வந்தார் ஓர் ஆசிரியை. பாதை ஏழு ஐந்துக்கே நிறைந்து, நடு வாவியில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில், பிந்தி வருகிறவர்களுக்குப் போடுகிற சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் அவர் கையெழுத்து வைத்தார். அடுத்த மழைக்கு மயிலண்ணன் பலகையைக் கழற்றி எஞ்சினை மூடி வைத்தார். விரிவுரையாளர் பார்க்க வந்தபோது அது எஞ்சின் மேல்தான் கிடந்தது. மதிப்பெண் எப்படி வரும்?

அபி அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். விடிந்ததும் துறையடிக்குப் போய்ச் சும்மா இருக்கத் தொடங்கினாள். கொப்பியைத் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். ஒரு கோடு கூட இல்லை. வெறும் நிறங்கள். ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல், ஒரு பக்கம் வெளிறிய நீலம், ஒரு பக்கத்தில் சாம்பலுக்கு நடுவே ஒரு பொட்டு மஞ்சள்... பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

கண்காணிக்கலாம் என்று நானும் ஒருநாள் கூடப் போனேன். போனது கண்காணிக்க. இருந்தது இரண்டு மணித்தியாலம். வாவி மெதுவாக நிறம் மாறுகிறது. தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்ணாக் காட்டுப் பக்கமிருந்து கொக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வருகின்றன. தூரத்தில் பாதை அசைகிறதா, நிற்கிறதா தெரியவில்லை. மனம் அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டது. அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்தது கூட நினைவில்லை. பருப்பு போனது போனதுதான்.

அபி மட்டும் விழித்திருந்தாள். துறையடிக்கு வருகிற யாரும் பலகை இருந்த பக்கம் திரும்புவதில்லையாம். எல்லோரும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான் — வருகுதா, போகுதா? பாதையின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் தூரத்தில் பார்த்தால் பிடிபடாது.

பிறகு அவள் செய்தது இவ்வளவுதான். பாதையின் நடுவில் ஒரு கம்பம், அதில் சுழலும் பலகை ஒன்று. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். எந்தக் கரைக்குப் போகிறாரோ அந்தக் கரைக்கு மஞ்சளைத் திருப்பிவிட்டு மயிலண்ணன் எஞ்சினைத் தொடங்குவார். நாலு வருடப் படிப்புக்கு இரண்டு டின் பெயின்ட்டா என்று நான் கேட்டேன். எழுத்தே இல்லையே, இதில் டிசைன் எங்கே என்று விரிவுரையாளரும் கேட்டார். வந்து பாருங்கள் சேர் என்று அபி கூப்பிட்டாள். அப்படித்தான் மூவரும் அந்தப் பனிக்குள் நின்றோம்.

எங்கேயோ எஞ்சின் சத்தம். பனிக்குள் சத்தத்துக்குத் திசை ஏது? விரிவுரையாளர் கண்ணைச் சுருக்கினார்.

"வருகுதா, போகுதா?" என்று அவர் வாயாலேயே கேட்டார்.

எங்களுக்குப் பின்னால் மீன் பெட்டியோடு நின்ற ஓர் அம்மா பதில் சொன்னார். அவரை எனக்கும் தெரியாது, அபிக்கும் தெரியாது.

"உத்துப் பாருங்க சேர், மஞ்சள் தெரியுது. இஞ்சால வாறான். நீலமெண்டா அங்கால போறான்."

பார்த்தோம். வெள்ளைக்குள் ஒரு பொட்டு மஞ்சள். கொப்பியில் இருந்த அதே மஞ்சள்.

அந்த அம்மா அபியிடம் திரும்பினார்.

"நீயும் தெரியாமலா புள்ள நிக்கிறாய்?"

"தெரியாது மாமி," என்றாள் என் மகள். "சொல்லித் தாங்க."

அவரும் கையை ஆட்டி ஆட்டி, மஞ்சளையும் நீலத்தையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். அபி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே விரிவுரையாளர் கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பாஸ்.

"இதைச் செய்ததே என் மகள்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அபி என் காலை ஒரு மிதி மிதித்தாள். அங்கே விழுங்கியதைத்தான் இங்கே உங்களிடம் சொல்லிவிட்டேன்... கால் இன்னும் வலிக்கிறது.