குழந்தைவேல் இறக்கிய எஞ்சின்

டீசலில் நனைத்த துணியால் குழந்தைவேல் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு வராந்தாவில் நாலு மாதமாக ஞாயிறுதோறும் இதே காட்சிதான். கோணிப்பைமேல் எஞ்சின், சுவரில் சாய்ந்தபடி, வயிறு காலியான பைக்.

கழற்றிய அன்று நானும் பார்த்தேன். ஆயிலை வடித்தார். செயினையும் சைலன்சரையும் எடுத்துவிட்டு, போல்ட்டுகளை உருவி, வண்டியைக் கோணிமேல் மெல்லச் சாய்த்தார். எஞ்சினைத் தூக்கவே இல்லை. அதைத் தரையிலேயே விட்டுவிட்டு வண்டியைத்தான் தூக்கினார். நிலக்கரி மைன்ஸில் பதினான்கு வருடமாகக் கான்ட்ராக்ட் ஃபிட்டர், கேட்பானேன்!

யார் விசாரித்தாலும் ஒரே பதில்: "கிக்கர் ஷாஃப்ட் போயிடுச்சுங்க. பழைய மாடலு, கெடைக்கவே மாட்டேங்குது. தேடிகினு இருக்கேன்." சொல்லிவிட்டு ஷிப்டுக்கு நடையைக் கட்டுவார். "பொண்ணு தேடறவங்ககூட இவ்ளோ நாள் தேட மாட்டாங்க" என்று நானும் கிண்டலடித்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். வராந்தாவில் கைகால் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளக் கிடந்தார். மனைவி கனகம் அவர் கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்துக்கொண்டிருந்தாள். வலிப்புக்கு இரும்பு கொடுப்பார்களே, அவளுக்கு அதுதான் எட்டியிருக்கிறது.

"வெளிய சொல்லிடாதீங்கண்ணா. வண்டில போறப்பவே ரெண்டு தபா வந்துச்சு. வண்டியத் தொடக்கூடாதுன்ட்டாரு டாக்டரு. பர்மனென்ட் லிஸ்ட்ல இவரு பேரு வர்ற நேரம். ஏன் நடந்து போறன்னு நாலு பேரு துருவினா, மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு எழுதிடுவாங்க. அதான் நல்லா ஓடின இஞ்சினக் கழட்டிப் போட்டுட்டாரு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த உடம்போடு மைன்ஸில் நிலக்கரி சுமந்து ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நிற்கிறாரே என்ற பயம் அன்று முதல் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இங்கேகூடப் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு, அவர்கூட வேலை பார்க்கும் ஜெயகணேஷ் பொட்டலமும் கையுமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாண்டிச்சேரில ஒரு கடை வுடாம அலசிட்டேன்பா. இந்தா, உன் கிக்கர் ஷாஃப்ட்! வூட்டுக்குப் போயி லுங்கி மாத்திகினு வந்துடறேன். ரெண்டு பேருமா இன்னிக்கே ஏத்திடலாம்."

"உனக்கு எதுக்குப்பா இவ்ளோ செரமம்" என்று சொல்லி, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் குழந்தைவேல்.

நண்பர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார். பிறகு எஞ்சின் முன்னால் குந்தினார். வண்டியோடு அதைப் பிணைக்கிற போல்ட் நுழையும் காதை விரலால் ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, சுத்தியலை ஓங்கினார்.