முழுதாய் வந்த மாத்திரை

சலவை நிலையத்தில் அவளுக்கு ‘உதறி அக்கா’ என்று பெயர். எந்தத் துணியையும் உதறிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். “கறை எதுவும் இல்லீங்க” என்று சொல்பவர் முன்னாலேயே விளக்குக்கு நேரே பிடித்துக் கறையைக் காட்டுவாள். வாய் பொய் சொல்லும், துணி சொல்லாது என்பது அவள் கட்சி. போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பிய புருஷன் வராமலே போனபின் அந்தக் கட்சி இன்னும் கெட்டிப்பட்டது.

தங்கைக்கு எலும்பெல்லாம் புற்று பரவியபோது, அழைத்துவந்து தன் கட்டிலைக் கொடுத்தாள். இனிக் குணப்படுத்த வழியில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. வயிற்றுக்குள் மெதுவாக வேலை செய்யும் என்றார்கள். மிச்சமிருக்கும் நாட்கள் நோவில்லாமல் கழிந்தால் போதும். அக்காவுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

“இப்ப எப்படிடி இருக்கு?”

“குறைஞ்சிருக்குக்கா.”

“எனக்காகச் சொல்றியா?”

“பொய் சொன்னா சொத்தா எழுதி வைக்கப்போற?”

ஒருநாள் காலை மலத்தட்டைக் கழுவும்போது அதில் மாத்திரை கிடந்தது. முழுதாக. நிறம்கூட மாறவில்லை. அப்படியென்றால் மருந்து உடம்பில் சேரவே இல்லை. இவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சிரித்திருக்கிறாள். மலத்தில் கண்டதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? கூச்சம் வாயைக் கட்டியது. அன்றும் மறுநாளும் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். தங்கையோ கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பவள். அக்கா கொடுப்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

அதற்கடுத்த காலை அவளை எழுப்ப முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு, மறந்துபோய் நினைத்துக்கொண்டதுபோல் எப்போதோ ஒன்று வந்தது.

மருத்துவமனையில் மருந்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியது. மருந்து அடக்கி வைத்திருந்த வலியும் அதோடு மொத்தமாகத் திரும்பியது. அவள் அலறியதில் பக்கத்துப் படுக்கைக்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

“அது வெறுங்கூடும்மா,” என்றாள் நர்ஸ். “மருந்து உள்ளயே கசிஞ்சு இறங்கிடும். கூடு மட்டும் அப்படியே வெளிய வரும். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“முழுசா இருந்துச்சு சிஸ்டர். என் கண்ணால பார்த்தேன்.”

பார்த்தது மெய்தான். ஆனால் இன்னொருத்தியின் வலியை எந்த விளக்குக்கு நேரே பிடித்தும் பார்க்க முடியாது. அவள் சொல்வதைத் தவிர அதற்குச் சாட்சி கிடையாது.

அலறி ஓய்ந்த குரலில் தங்கை கேட்டாள்: “குறைஞ்சிருக்குன்னு சொன்னேனேக்கா. ஊரான் துணிய நம்புற அளவுக்காவது என்னை நம்பியிருக்கலாம்ல?”

அக்கா போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியபின் தங்கை சில வாரம் இருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “என்னை ஏன் கேக்குற? போய்த் தட்டைப் பாரு,” என்பாள்.

அக்கா போய்ப் பார்க்கவும் செய்தாள். கூடு கிடந்த நாளில் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.