திவசத்தன்று நான் மறைத்தது

குழந்தை மட்டும் அழாமல் இருந்திருந்தால், டாக்டரிடம் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? இன்றுவரை தெரியவில்லை.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அன்று மாமனாரின் திவசம். காலையிலேயே எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. தீட்டோடு திவசச் சமையல் கூடாது; ஆனால் மாமியாரால் அடுப்படியில் நிற்க முடியாது, வேறு ஆளும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா கொடுத்திருந்த, உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சை வைத்துக்கொண்டு சமைத்துவிட்டேன். யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று மறுநாளும் அதை எடுக்கவில்லை.

மறுநாள் மாலை கடும் ஜுரம், வாந்தி. உடம்பெல்லாம் வெயிலில் வெந்ததுபோல் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டரம்மா, "மாதவிலக்கா?" என்று கேட்டார்.

"இல்லை, அவளுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார் மாமியார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கூட வந்திருந்த என் கைக்குழந்தை வீறிட்டது. மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா உடனே பஞ்சை எடுத்தார். "இதை இத்தனை நேரம் விட்டா ரத்தத்துல விஷம் ஏறும். பிரஷர் எவ்வளவு இறங்கியிருக்கு, தெரியுமா?" என்றார்.

பிழைத்துவிட்டேன். "நாட்டுப்பொண்ணு மடியா, தீட்டில்லாம சமைச்சாளே, அந்தப் புண்ணியம்தான் காப்பாத்தித்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார் மாமியார்.

அக்கா கொடுத்த பஞ்சில் இன்னொரு பெட்டி செம்பூரில் நாத்தனாரிடம் இருக்கிறது. அவளுக்கும் இப்படி ஆகிவிடக்கூடாது என்று நாளை போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவளோ தன் அம்மாவிடம் எதையும் மறைக்கமாட்டாள். அதற்கு முன் மாமியாரிடம் நானே சொல்லிவிடுவதா? எப்படித் தொடங்குவது? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.