தூளை விட்டவர்கள் தங்கும் வீடு

ஹெரோயின் தூளை விட்டுவிட்டு வந்தவர்களை ஒரு வீட்டில் தங்கவைத்து ஆலோசனை சொல்லுகிற தொழிலில், சொல்லுவது கொஞ்சம், வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கூட. இதே தொழிலில் கிடந்து மாரடிக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நல்ல காரியம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட வாடகை வீடு தேடி அலைந்த காலம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டைத் தரச் சம்மதித்தார். கிணறு, சமைக்கிற குசினி எல்லாம் காட்டி, தேத்தண்ணியும் தந்தார். ஆர் இருக்கப்போகினம் என்று கேட்டார். சொன்னேன். வெறும் தேத்தண்ணிக் குவளையை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு கேற் வரைக்கும் மரியாதையாக வந்து வழியனுப்பினார். "பிள்ளை, இது செய்யத்தான் வேணும். நல்ல காரியம். ஆனா வேற ஒழுங்கையில செய்யுங்கோ."

புரியாணி

இரண்டு தெரு தள்ளி, வேற ஒழுங்கையில்தான் வீடு கிடைத்தது. முதலில் வந்தவர்களில் நசீரும் ஒருவர். மூதூர்க்காரர், படகு எஞ்சின் திருத்துகிறவர். தூளைத் தொடாமல், நேரத்துக்குத் தொழுது, குசினி வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தார். ஒரு நாள் மத்தியானம் அவருடைய தம்பி ஓட்டோவில் வந்து பெரிய சட்டி நிறையப் புரியாணி இறக்கினார். என்ன விசேஷம் என்று நான்தான் வாய்தவறிக் கேட்டேன். தம்பி நிலத்தைப் பார்த்தபடி, "தங்கச்சிட கலியாணம், மிஸ். நேற்று முடிஞ்சது" என்றார்.

நசீர்தான் சட்டியைத் திறந்தார். எல்லாருக்கும் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தார். தனக்குப் போடவில்லை. தம்பி போன பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "கோவமில்ல மிஸ். அவன்ட இடத்துல நான் இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டன்."

பசி

பிறகு வந்தவன் அன்ரன். கடற்றொழில் செய்த இளந்தாரி. எங்களோடு இருந்து நன்றாகத் தேறி, தாய் வீட்டுக்குப் போனான். பிறகு புல்மோட்டையில் படகு வேலை கிடைத்ததென்று சிரிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போனான். தூளை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று அவனுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறோம். அங்கே ஒரேயொரு தரம் தொட்டான். தாங்கவில்லை.

செத்தவீட்டுக்குப் பயந்து பயந்துதான் போனேன். பிள்ளையை வைத்திருந்து என்னத்தைப் பார்த்தனீங்கள் என்று தாய் கேட்பா என்றுதான் நினைத்தேன். அவ என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தா. தூள் குடித்த காலத்தில் அவன் சோற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லையாம். "உங்களிட்ட இருந்து வந்த பிறகு, 'அம்மா, பசிக்குது' எண்டு குசினிக்குள்ள வந்து நிண்டவன், பிள்ளை. அதை நான் என்ர காதால கேட்டிட்டன்."

ஒருவர் திரும்பி வராமல் இருப்பதுதான் எங்கள் தொழிலில் வெற்றி என்று சொல்லுவார்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போகாதவரைக்கும் அது சரிதான்.